பாவுத் தெருவில் நான் நட்ட பலகை

சாலை ஓரத்தில் வழிகாட்டிப் பலகை நடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, தம்பிகளே. குழி தோண்டி, கம்பத்தை நிறுத்தி, ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்தால் நின்றுவிடும். நின்ற பிறகு அது யாரைக் கொண்டுபோய் எங்கே விடுகிறது என்பதில்தான் தொல்லை. இந்த வேலையில் ஓவர்சியராகக் காலம் தள்ளி, போன வருஷம் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் நான். இப்போது அதே வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று என் மனைவியைக் கேட்டால் அவள் சிரிப்பாள். அவளைக் கேட்காமல் எழுதுகிறேன்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் சேலத்துச் சாலைகளில் மோட்டார் வண்டிகள் பெருக ஆரம்பித்தன. வண்டி வைத்திருந்தவர்களுக்கு அதை எங்கே ஓட்டிக்கொண்டு போவது என்று தெரியவில்லை. மேலே யாருக்கோ அவர்கள் மேல் இரக்கம் வந்து, ‘கிராமாந்தரங்களில் பார்க்கத் தகுந்த இடங்களுக்குப் பெரிய சாலையிலிருந்து பலகை வைக்கவும்’ என்று சுற்றறிக்கை வந்தது. கூடவே விதிகள் வந்தன. விதி இல்லாமல் எங்கள் ஆபீசில் தும்மக்கூட முடியாது. இடம் பார்க்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். மோட்டார் போக வழி இருக்க வேண்டும். இரண்டு வழி இருந்தால் குறுகிய வழியைத்தான் காட்ட வேண்டும். அந்த வழியில் ரிப்பேர் வேலை நடக்கும் காலத்தில் மட்டும் சுற்று வழியைக் காட்டலாம். நட்ட பலகையை மேலிடத்து உத்தரவில்லாமல் அசைக்கக் கூடாது.

எது பார்க்கத் தகுந்தது என்பதை விதி சொல்லவில்லை. அதை அதிகாரிகள் சொன்னார்கள். ஒரு மேட்டின் மேல் நின்ற அதிகாரி ஒருவரின் சம்சாரம் சாயங்காலக் காற்று சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே ‘நற்காற்று மேடு’ என்று அங்கே பலகை வந்துவிட்டது. கம்பத்தை நான் நிமிர்த்திக்கொண்டிருந்தபோது மாட்டு வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “அங்க என்னங்க இருக்குது?” என்று கேட்டார். காற்று என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “இங்கயும் அடிச்சிக்கிட்டுத்தானுங்களே இருக்குது” என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

பலகையில் திசை காட்ட ஒரு கை வரைய வேண்டும். எங்கள் பெயிண்டர் கொஞ்சம் கலை ரசனை உள்ளவர். முதல் பலகையில் விரலுக்கு ஒரு தங்க மோதிரமும் போட்டுவிட்டார். சர்க்கார் கைக்கு நகை எதற்கு என்று ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மோதிரத்தை அழித்ததற்கு ஒரு பதில் எழுதினோம். இப்படிப்பட்ட காரியங்களைத்தான் நாங்கள் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

எடப்பாடிப் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊர். எந்த ஊர் என்பது ஃபைலைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியும். அந்த ஊரைத் தாண்டி ஒரு கரடு, அதாவது சின்னப் பாறைக்குன்று, அதன் உச்சியில் பாறைக்கு நடுவே வற்றாத சுனை. நல்ல இடம்தான், அதில் பொய்யில்லை. சுனைக்கரட்டுக்குப் பலகை வைக்க வழி பார்த்து வரச் சொல்லி எனக்கு உத்தரவு. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலை நிரந்தரமாகவும் இல்லை. நிரந்தரமாக்கும் கையெழுத்து எங்கள் இன்ஜினீயரின் பேனாவுக்குள் இருந்தது. அவர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அது காகிதத்தில் இறங்கும்.

சாப்பிட்டுவிட்டு, மர நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். ஊருக்கு நடுவே போகும் தெருவைப் பார்த்ததும் அசந்துபோனேன். அவ்வளவு அகலமான, நேரான, சுத்தமான தெருவை நான் பார்த்ததே இல்லை. சாணம் இல்லை, கட்டில் இல்லை, குப்பை இல்லை. ஒரு கோழிகூடக் குறுக்கே ஓடவில்லை. வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. தெருவின் இரண்டு முனையிலும் ஆளுக்கு இடுப்புயரத்தில் கல்தூண்கள் நட்டிருந்தன. அவை எதற்கு என்று எவனாவது கேட்பானோ இல்லையோ, நான் கேட்கவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. நெல்லும் கரும்பும் தெரியும், வேட்டி எப்படி வேட்டி ஆகிறது என்று தெரியாது. டேப்பைப் பிடித்து அகலத்தை அளந்தேன். படிவத்தில் ‘பாதையில் தடை ஏதேனும் உண்டா’ என்ற கட்டத்துக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

ஊரைச் சுற்றி ஏரிக்கரை மேல் இன்னொரு வழி இருந்தது. அரை மைல் கூடுதல். விதி குறுகிய வழியைக் கேட்டது, அதனால் அதைப் பார்க்கக்கூட நான் போகவில்லை.

பத்து நாள் கழித்துப் பெரிய சாலையில் ஒரு பலகையும், தெருமுனையில் ஒரு பலகையும் நட்டோம். அதுவும் பிற்பகலில்தான். முனை வீட்டிலிருந்து அங்கம்மாள் என்கிற அம்மாள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தாள். நாற்பது வயது இருக்கும். விரலெல்லாம் கஞ்சி காய்ந்து வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தது.

“எதுக்குங்க இந்தப் பலகை?”

“சுனைக்கரட்டுக்கு வழி தெரியறதுக்கும்மா.”

“எங்களுக்குத்தான் தெரியுமுங்களே!” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கரட்டுக்கு யார் போனாலும் நடந்துதான் போவார்கள் என்று அவள் நினைத்தாள். அந்த அம்மாளுக்கு இதற்கு மேல் விவரம் சொல்ல எனக்கு நேரம் இருந்தது, தோன்றத்தான் இல்லை.

அந்த வாரமே ஆபீசிலிருந்து தகவல் வந்தது. இன்ஜினீயர் காலையில் எட்டு மணிக்கு மோட்டாரில் வருகிறார், புதுப் பலகைகளைப் பார்த்துவிட்டு அந்த வழியிலேயே சுனைக்கரட்டுக்கும் போகிறார். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஏழரை மணிக்கே தெருமுனைக்குப் போய்விட்டேன். பலகையைத் துடைத்து வைப்பதற்காக எங்கள் மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் கடப்பாரை, மண்வெட்டியோடு எனக்கு முன்பே வந்திருந்தார்கள். மேஸ்திரி திருச்செங்கோட்டுக்காரர். என்னைவிட வயதில் மூத்தவர். எந்த அதிகாரியையும் முழு அதிகாரியாக அவர் ஒப்புக்கொண்டதில்லை.

“பலகை பளபளன்னு இருக்குதுங்க. தெருவத்தான் கொஞ்சம் பாருங்க” என்றார்.

பார்த்தேன். தெரு இல்லை.

இந்தக் கல்தூணிலிருந்து அந்தக் கல்தூண் வரைக்கும், தெரு நீளத்துக்கு, இடுப்புயரத்தில் நூல் விரித்திருந்தது. ஆயிரம் ஆயிரமாக இழைகள். இடையிடையே குச்சிகளைக் குறுக்கே கட்டித் தாங்கு கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக இருபது பேர் நின்று, கஞ்சியில் நனைந்த அந்த நூலைப் ‘புருசு’ என்கிற பெரிய நார் பிரஷ்ஷால் வாரிக்கொண்டே நடந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால், துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். தினமும் விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை அந்தத் தெரு அவர்களுடைய பட்டறை. வேலை முடிந்ததும் பெருக்கிவிடுவார்கள். நான் மூன்று மணிக்குப் பார்த்து அசந்துபோன சுத்தம் அதுதான். கல்தூண்களும் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 

புருசோடு நடந்துகொண்டிருந்த அங்கம்மாளிடம் ஓடினேன். “அம்மா, இதைக் கொஞ்சம் சுருட்டுங்க. பெரிய அதிகாரி மோட்டார்ல வர்றார். அஞ்சு நிமிஷம்!”

அவள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. கை புருசை இழுத்துக்கொண்டே இருந்தது. “ஈரத்துல சுருட்டுனா இழைக்கு இழை ஒட்டிக்குமுங்க சாமி. அப்புறம் அது பாவு இல்லீங்க, கவுறு. மாடு கட்டத்தான் ஆகும்.”

“ஓரமா நகர்த்தவாவது முடியுமா?”

“புருச நிறுத்துனாலே ஒட்டிக்குமுங்க. இது மூணு ஊட்டுச் சோறு. போன பாவு மழையில போயிருச்சு. இதும் போச்சுன்னா எங்களுக்கு நூல் குடுக்க ஆளில்லீங்க.” அதற்குள் என்ன நினைத்தாளோ, முகம் மாறிவிட்டது. “ஏனுங்க, மோட்டார்னா புழுதி கெளம்புமுங்களே? ஈரக் கஞ்சியில புழுதி உழுந்தாப் போச்சுங்க!”

பெரிய சாலைப் பக்கம் திரும்பினேன். தூரத்தில் புளியமரங்களுக்கு அப்பால் செம்புழுதி எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் இன்ஜினீயர் சொன்ன நேரத்துக்கு வரும் கெட்ட பழக்கம் உள்ளவர்.

தம்பிகளே, அந்த நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் என் வேலையைத்தான் நினைத்தேன். மோட்டாரை விட்டுவிடலாம், நூல் போனால் நமக்கென்ன, படிவத்தில் தடை இல்லை என்று எழுதியிருக்கிறோமே என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன். அப்புறம்தான் அந்த இருபது பேரையும் பார்த்தேன். ஒருவரும் கூச்சல் போடவில்லை, கையை நிறுத்தவில்லை. புருசை இழுத்துக்கொண்டே கண்ணை மட்டும் என் மேல் வைத்திருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சைக்கிளில் எப்போதும் ஒரு சிவப்புக் கொடி கட்டியிருப்பேன். சாலையில் வேலை நடந்தால் அதைக் காட்ட வேண்டும். காட்டினால் லாட் துரையே ஆனாலும் வண்டி நிற்க வேண்டும். கொடியை உருவினேன். ஆனால் நிறுத்திய பிறகு, என்ன வேலை என்று கேட்டால்?

மேஸ்திரி அதைக் கேட்காமலே புரிந்துகொண்டார். கடப்பாரையைத் தோளிலிருந்து இறக்கி, “இந்த ரோட்ட நாமதானுங்க போட்டோம். நாமளே வெட்டுனா எவனுங்க கேக்கறது? நீங்க ஓடுங்க” என்றார்.

ஓடினேன். என் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. ஒரு பர்லாங் தள்ளி, புளியமரத்தடியில் நடுச்சாலையில் நின்று கொடியை ஆட்டினேன். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்துப் பார்த்துவிட்டு, எனக்கு நாலு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினார். இன்ஜினீயர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலையை நீட்டினார்.

“என்னய்யா?”

“தெருமுனையில் ரோட்டுக்கு அடியில இருக்கற மதகு உள்வாங்கிடுச்சு சார். ரிப்பேர் வேலை நடக்குது.”

“நேத்து வரைக்கும் எனக்கு ரிப்போர்ட் வரலையே?”

“இன்னிக்குக் காலையிலதான் சார் உள்வாங்கிச்சு.” அதில் ஒரு பாதி உண்மை. என் வயிறு காலையில்தான் உள்வாங்கியிருந்தது.

இறங்கி நடந்தே வருகிறேன் என்றுவிட்டார். எனக்கு இது பெரிய நல்லகாலமா கெட்டகாலமா என்று தெரியவில்லை. முடிந்தவரை மெதுவாக நடந்தேன். வழியில் ஒவ்வொரு புளியமரத்துக்கும் எண் போட்டிருப்பதை அவருக்குக் காட்டினேன். அவர் அதில் அக்கறை காட்டவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரியும் ஆட்களும் தெருமுனையைக் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினீயர் குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார். உள்ளே காய்ந்த மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்தில் வாய்க்காலும் இல்லை, ஓடையும் இல்லை. அவர் ஒரு காலத்தில் ஓவர்சியராக இருந்து மேலே வந்தவர். மதகு இருந்த இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரல்ல.

“மதகு எங்கே?” என்று மேஸ்திரியைக் கேட்டார்.

“அதத்தானுங்க நாங்களும் தேடிக்கிட்டிருக்கறோம்” என்றார் மேஸ்திரி.

இன்ஜினீயர் குழிக்கு அப்பால் தெருவைப் பார்த்தார். நூல் வெயிலில் பளீரென்று இருந்தது. அதிகாரி வந்து நிற்கிறார் என்று தெரிந்தும் ஒருவரும் கும்பிடவில்லை, கை நிற்க முடியாதே. எனக்கு அதற்கு மேல் பொய்யைத் தூக்கிக்கொண்டு நிற்கத் தெம்பில்லை.

“மதகு கிடையாது சார். நான் மூணு மணிக்கு வந்து பார்த்தேன், தெரு காலியா இருந்துச்சு. தடை இல்லைன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான். இவங்க பாவு காயற வரைக்கும் வண்டியை விட வேண்டாம் சார்.”

அவர் என்னை விட்டுவிட்டு அங்கம்மாளைப் பார்த்தார். “பலகை நட்டபோதே சொல்லியிருக்கலாமே அம்மா?”

அங்கம்மாள் நடந்துகொண்டே பதில் சொன்னாள். “கேட்டாத்தானுங்களே சொல்றது? வந்தாரு, டேப்பப் புடிச்சாரு, போயிட்டாரு. இந்தக் கரட்டுக்கு வண்டி போகோணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஏரிக்கரை மேல போங்கன்னு சொல்லியிருப்பனுங்க. நாங்க பொங்கல் வைக்க வண்டி கட்டுனா அப்படித்தான் போவோம். நல்ல தடமுங்க.”

இதைவிடப் பெரிய திட்டை நான் வாங்கியதில்லை. அவள் திட்டுவதற்காகச் சொல்லவும் இல்லை.

“ஏரிக்கரை வழி உன் படிவத்தில் ஏன் இல்லை?” என்றார் இன்ஜினீயர்.

“அரை மைல் கூடுதல் சார். விதி…”

“தெரியும். அந்த விதியை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன்.” தொப்பியைக் கழற்றிக் கையில் ஒரு தடவை திருப்பினார். “ரிப்பேர் நடந்தால் சுற்று வழியைக் காட்டலாம், இல்லையா?”

“ஆமாம் சார்.”

“அப்படியென்றால் இந்தப் பலகையைப் பிடுங்கி ஏரிக்கரை பிரியும் இடத்தில் நடு. காரணம், மதகு ரிப்பேர். உத்தரவு என் பேரில் வரும்.”

எனக்குச் சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. “மதகு வேலையை இன்னிக்கு சாயங்காலமே முடிச்சுடறேன் சார்” என்றேன்.

“குழியை மூடு. வேலையை முடிக்காதே” என்றார் அவர். நான் விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மேஸ்திரிதான் காதோரம் விளக்கினார்: “வேல முடிஞ்சா பலகை திரும்ப இங்கயே வந்துருமுங்க.”

இன்ஜினீயர் திரும்பிப் போய் ஏறிக்கொண்டதும், மோட்டார் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கி, ஏரிக்கரை வழியாகக் கரட்டுக்குப் போயிற்று. வெயில் ஏறியது. பாவு காய்ந்ததும் இரண்டு பேர் முனையிலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டே வந்தார்கள். ஓர் இழை ஒட்டவில்லை, ஓர் இழை அறவில்லை. அங்கம்மாள் அப்போதுதான் புருசைக் கீழே வைத்துவிட்டு, மரத்துப்போன தோளை அமுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேஸ்திரி பார்க்காத மாதிரி குழியை மூடப் போய்விட்டார்.

என் வேலை அந்த வருஷ முடிவில் நிரந்தரமாயிற்று. என் குறிப்பேட்டில் இன்ஜினீயர் எழுதியது இதுதான்: ‘ஆள் தேறுவான். காலையில் சீக்கிரம் எழுப்ப வேண்டும்.’ அதன் பிறகு நான் ஒரு பலகையும் விடிகாலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, சந்தை நாளில் ஒரு தடவை போய்ப் பார்க்காமல் நட்டதில்லை. அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு பொம்பளையிடமாவது கேட்காமல் படிவத்தை நிரப்பியதும் இல்லை. கட்டத்தில் அதற்கு இடம் கிடையாது; ஓரத்தில் எழுதுங்கள்.

இன்ஜினீயர் மாற்றலாகிப் போனார். மதகு மட்டும் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பங்குனியிலும் ஆபீசிலிருந்து எனக்குக் கடிதம் வரும்: மேற்படி மதகு ரிப்பேர் எந்த நிலையில் உள்ளது? நானும் ஒவ்வொரு பங்குனியிலும் ‘வேலை நடந்து வருகிறது’ என்று பதில் எழுதினேன். யுத்தம் வந்தது, முடிந்தது. சுதந்திரம் வந்தது. வெள்ளைக்காரன் கேட்ட அதே கேள்வியை நம்மவனும் அதே தாளில் கேட்டான். நான் அதே பதிலைத்தான் எழுதினேன். பலகை ஏரிக்கரையிலேயே நின்றது. தெருவில் இன்னும் காலையில் பாவு விரிக்கிறார்கள். போன மாதம்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கம்மாளின் மருமகள் புருசு பிடிக்கிறாள்.

போன வாரம் ஆபீஸ் பக்கம் வந்தபோது ஒன்று கேள்விப்பட்டேன். உங்களில் ஒருவர், நல்ல உழைப்பாளியாம், பழைய பதிவேடுகளைப் புரட்டி, இத்தனை வருஷமாக ஒரு மதகு வேலை முடியாமல் கிடப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாராம். இந்தக் கோடையில் அதை முடித்தே தீருவது என்று செங்கலுக்கும் சிமெண்டுக்கும் எழுதிப் போட்டிருக்கிறாராம். அவரை எனக்குத் தெரியாது, திட்டவும் மனம் வரவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். சாமி, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எழுதிப் போட்டதைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். பங்குனியில் கடிதம் உங்கள் பேருக்கு வரும். ‘வேலை நடந்து வருகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.